துப்புரவு செய்யச் சென்ற இடத்தில் நாங்கள் கற்றது



திருவண்ணாமலையில் வாழும் எங்களுக்குத் துப்புரவுப் பணி என்பது கண்ணெதிரே நாள்தோறும் நடப்பதுதான். ஒவ்வொரு பௌர்ணமியன்றும் லட்சக்கணக்கானோர் இவ்வூருக்கு வந்து, 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இரவு முழுவதும் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று அந்தக் கூட்டம் பன்மடங்காகப் பெருகும். மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்காக நாங்கள் வீட்டைவிட்டு வெளியே வரும்போது, எங்களுக்கு முன்பே தெருவில் இருப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்களே. காகிதத் தட்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் இருட்டிலேயே கூட்டிக் குவித்துக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகளாக அவர்களைக் கடந்து பள்ளிவாசலுக்குச் சென்றிருக்கிறோம். அவர்களுள் ஒருவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த ஒப்புதலோடு இக்கட்டுரையைத் தொடங்குவதே முறையென்று கருதுகிறோம்.

நாங்கள் ஒரே மஹல்லாவைச் சேர்ந்த 11 பேர். கொரோனாக் காலத்தில் உணவுப் பொட்டலம் வழங்குவதற்காக ஒன்றுகூடியவர்கள். கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், பிளம்பர், கல்லூரி மாணவர்கள், இரண்டு சகோதரிகள் எனப் பலரும் இதில் உண்டு. நோய்த்தொற்று ஓய்ந்த பிறகும் கலைந்துவிடாமல், ஏதேனும் ஒரு பொதுப்பணியில் ஈடுபட வேண்டும் என்ற நிய்யத்தோடு இருந்தோம்.

அந்நேரத்தில் எங்களுள் ஒருவரின் தங்கைக்குச் செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர். மருத்துவரும் செவிலியரும் காட்டிய பரிவை அக்குடும்பத்தினர் வாயாரப் புகழ்ந்தார்கள். கூடவே ஒரு குறையையும் சொன்னார்கள்: பிரசவ அறைக்கு வெளியே இருந்த கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வரவில்லை, கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை. அந்நிலையத்துக்கே சென்று உதவுவது என முடிவு செய்தோம். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்த தவறு எங்களுடையது. அதன் நிழல் அந்நிலையத்தின்மேல் விழக்கூடாது.

சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என்பது அரசு வகுத்துள்ள அளவு. அத்தனை பேருக்கும் காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி, நாய்க்கடி, சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் முதலில் திறக்கும் கதவு அதுதான். பொறுப்பு மருத்துவ அலுவலரைச் சந்தித்து எங்கள் விருப்பத்தைச் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். பொது மருத்துவமனைகளின் தூய்மையை மதிப்பெண் இட்டுப் பரிசளிக்கும் காயகல்ப் திட்டத்தை மத்திய அரசு 2015இல் தொடங்கியதையும், அதில் தம் நிலையமும் ஒருநாள் தேற வேண்டும் என்ற ஆசையையும் எங்களிடம் கூறினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வர அனுமதி கிடைத்தது.

முதல் ஞாயிறன்று நாங்கள் கொண்டு சென்றவை சுவரொட்டிகள். கைகளை எப்போது கழுவ வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த ஐந்து தருணங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம்: நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற தூய பணிகளுக்கு முன், இரத்தமோ வேறு உடல்நீரோ பட்டிருக்கக்கூடிய வேளைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், போர்வை முதலியவற்றைத் தொட்ட பின். எங்கள் ஆசிரியச் சகோதரர் இவற்றை விளக்கி நீண்டதோர் உரை நிகழ்த்தினார். 1847இல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப்பரிசோதனை செய்துவிட்டு வரும் மாணவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே பிரசவ வார்டுக்குள் நுழைய வேண்டும் எனக் கட்டளையிட்டதையும், பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறப்பது சில மாதங்களிலேயே பெருமளவு குறைந்ததையும் உருக்கமாகச் சொன்னார்.

எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில், துடைப்பத்தைப் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்த துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மா மட்டும் பேசினார்.

"போஸ்டர் நல்லாத்தான் இருக்கு பாய். கழுவறதுக்குத் தண்ணி எங்க இருக்குன்னும் அதுலயே எழுதிடுங்க."

சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போடும் அறையிலிருந்து தண்ணீர் வரும் ஒரே குழாய்வரை நடந்து பார்த்தோம். கட்டடத்தின் பின்புறம், 62 அடிகள் தள்ளி அது இருந்தது. காலை நேரத்தில் நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், ஒவ்வொருவரைத் தொட்ட பிறகும் ஒரு செவிலியர் 62 அடிகள் போய்வர இயலாது. அவருக்கு ஐந்து தருணங்களும் எங்களைவிட நன்றாகத் தெரியும். பயிற்சியில் படித்தவர்தாம். அவருக்குக் கிடைக்காதிருந்தது தண்ணீர்.

அன்று லுஹர் தொழுகைக்குத் திரும்பியபோது, பள்ளிவாசலின் ஹவ்ளைப் புதிய கண்களோடு பார்த்தோம். தொழும் இடத்திற்குள் நுழையும் வழியிலேயே தண்ணீர் இருக்கிறது. உட்காரக் கல் இருக்கிறது. உளூவின் ஃபர்ளுகளை இன்னும் மனப்பாடம் செய்யாத சிறுவனும், முன்னால் சென்றவரைப் பார்த்து அங்கே அமர்ந்து கை கழுவத் தொடங்கிவிடுகிறான். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விடவேண்டாம், இரவில் அந்தக் கை எங்கே இருந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த அறிவுரையை நம் முன்னோர் சுவரில் எழுதி மாட்டியதோடு நின்றுவிடவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீரையும் வைத்தார்கள். ஐந்து நேரமும் உளூ செய்யும் நாங்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போது மட்டும் இதை எப்படி மறந்தோம் என வெட்கப்பட்டோம்.

அடுத்த இரண்டு வாரங்கள் பிளம்பர் சகோதரர்தாம் எங்கள் தலைவர். அடைத்துப்போன குழாயை மாற்றினோம். மேல்நிலைத் தொட்டியை இறக்கிக் கழுவினோம். ஊசி அறையிலும் பிரசவ அறையின் வாசலிலும் முழங்கையால் திறந்து மூடும் குழாய்கள் பொருத்தப்பட்டன. சோப்புக்கட்டி தண்ணீரில் ஊறிக் கரையாமலிருக்க, அடியில் துளையிட்ட தட்டுகளை வைத்தோம்.

தண்ணீர் எட்டாத இடங்களுக்குக் கைத்தேய்ப்புத் திரவம் வாங்கும் பேச்சு வந்தபோது, அதில் ஆல்கஹால் இருக்கிறதே, நம் பணத்தில் அதை வாங்கித் தரலாமா என எங்களுள் ஒருவர் தயங்கினார். இந்த ஐயம் வாசகர்களுள் சிலருக்கும் எழலாம். 2002இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு அவை, வெளிப்புறக் காயங்களைத் தூய்மைப்படுத்தவும் கிருமிகளை ஒழிக்கவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என முடிவு கூறியுள்ளது. எங்கள் ஹஜ்ரத்தும் அவ்வாறே விளக்கினார். தயக்கம் நீங்கியது. அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரியும்படி கையில் இருந்தால் இத்திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதையும் செவிலியரிடமிருந்து அப்போது அறிந்துகொண்டோம்.

இதுவரை நடந்தவற்றைப் பள்ளிவாசலில் பலரும் பாராட்டினார்கள். படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. உள்ளத்தில் ஒரு பெருமிதம் புகுந்ததை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. நான்காவது ஞாயிறன்று, ஒரே நாளில் நிலையம் முழுவதையும் பளபளவென்று ஆக்கிவிடுவது என்ற உற்சாகத்தோடு சென்றோம்.

ஊசி அறையின் மேசையடியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. எங்கள் குழுவில் 19 வயது மாணவர் ஒருவர். எடுத்த வேலையைச் செம்மையாகச் செய்பவர். பெட்டி ஏறக்குறைய நிரம்பியிருப்பதைக் கண்டு, அதன் மூடியைப் பெயர்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டி, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். அச்சாக்கிலேயே வேறு குப்பைகளையும் நாங்கள் போட்டு நிரப்பினோம். எவரும் எவரிடமும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அந்த அம்மா வந்து, வழக்கம்போலச் சாக்கைத் தூக்கித் தம் இடுப்போடு அணைத்தார். மறுகணமே ஒரு சிறு கூச்சலோடு அதைக் கீழே விட்டார். பயன்படுத்திய ஊசி ஒன்று சாக்கைத் துளைத்து அவருடைய உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் தோன்றிய இடத்திலேயே நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்கின்றன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் பொருட்கள் சிவப்பில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். ஊசி, பிளேடு போன்ற கூரியவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். வெள்ளைப் பெட்டியைத் திறந்து கொட்டுவதோ கழுவுவதோ கூடாது. அப்படியே மூடிச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த அறையில் இவ்விதிகள் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குலைத்தவர்கள் தூய்மை செய்யச் சென்ற நாங்கள்.

செவிலியர் பதற்றமின்றிச் செயல்பட்டார். குத்திய இடத்தைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ விடாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவச் செய்தார். மருத்துவ அலுவலருக்குத் தகவல் சொல்லி, நேரத்தைக் குறித்தார். எங்கள் காரிலேயே அந்த அம்மாவைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். ஊசி யாருக்குப் போடப்பட்டது என்று தெரியாத நிலையில், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்கிப் பயனில்லை என்று மருத்துவர் கூறினார். 28 நாட்கள் மாத்திரை. அன்றே ஓர் இரத்தப் பரிசோதனை. பிறகு ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இதற்கு முன் போட்டதுண்டா என்று கேட்டபோது, அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒன்று இருப்பதையே அவர் கேள்விப்பட்டதில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடினோம். நடந்ததை வெளியில் சொல்ல வேண்டாம், நம் சமுதாயத்தின் பெயர் கெடும் என்று ஒருவர் கூறினார். தவறுதலாக நடந்தது, நிய்யத் நல்லதுதானே என்றார் இன்னொருவர். எங்களுள் மூத்தவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நிய்யத்துக்கு உரிய கூலியை அல்லாஹ் தருவான். ஊசி குத்திய கைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். அதன்பின் எவரும் பேசவில்லை.

மறுநாள் அவருடைய வீட்டுக்குச் சென்றோம். அந்த மாணவரும் வந்தார். வாசலில் நின்று, பெட்டியைக் கொட்டியது தாம்தான் என்று சொல்லி அழுதார். அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. ஆனால் அவர் சொன்ன சொற்கள் எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தைத்தன.

"அழாத தம்பி. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வர்றீங்க, நான் தினமும் வர்றேன். எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்கவில்லை என்பதே உண்மை. மருத்துவரிடம் அனுமதி கேட்டோம். செவிலியரிடம் ஐயம் கேட்டோம். ஹஜ்ரத்திடம் விளக்கம் கேட்டோம். அக்கட்டடத்தின் ஒவ்வொரு மூலையையும் பத்து ஆண்டுகளாகத் தம் கையால் துடைத்துவந்தவரிடம் மட்டும் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மாத்திரைகள் அவருக்குக் கடுமையான குமட்டலைத் தந்தன. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. அந்நாட்களின் கூலியை நாங்கள் கொடுத்தோம். அதை ஸதகா என்று எவரும் சொல்லக்கூடாது என்பதில் மூத்தவர் உறுதியாக இருந்தார். அது அவருக்கு நாங்கள் பட்ட கடன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்த மாணவரே தம் தாயாருடன் சென்று அவரை அழைத்துவந்தார். முடிவு வரும்வரை எங்களுள் பலருக்கு உறக்கம் இல்லை. தஹஜ்ஜுதில் கையேந்தி அழுதவர்களும் உண்டு.

அந்நாட்களில் இரு செய்திகள் எங்களுக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன. நற்செயல்களைப் பற்றி அபூதர் (ரலி) அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது, எதுவும் இயலாதவர் தம்மால் மக்களுக்குத் தீங்கு நேராமல் காத்துக்கொள்ளட்டும், அதுவும் ஸதகாவே என நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நன்மை செய்யும் ஏணியில் அதைக் கடைசிப் படியாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். அதில் கால் வைக்காமல் மேலே ஏற முயன்றதால்தான் விழுந்தோம்.

மற்றொன்று, மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிவந்த பெண்மணியின் வரலாறு. அவர் இறந்தபோது, சிறிய செய்தி என்றெண்ணி நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என விசாரித்த நபியவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்டு, அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். எத்தனையோ ஜும்ஆக்களில் இதைக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, தெரு கூட்டுகிறவரைப் பார்க்காமலே கடந்திருக்கிறோம்.

28 நாட்கள் கழிந்து, அந்த அம்மா பணிக்குத் திரும்பிய ஞாயிறன்று, மருத்துவ அலுவலரின் இசைவோடு அவரே எங்களுக்குப் பாடம் எடுத்தார். எந்தப் பை எங்கே செல்லும், 48 மணி நேரத்துக்குள் அதை எடுத்துச்செல்லும் வண்டி எப்போது வரும் என்பதைச் சொன்னார். தரை துடைக்கத் தூய இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும். கழிப்பறைத் துடைப்பான் வார்டுக்குள் வரக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். அதனோடு ஆசிட்டைச் சேர்த்தால் எழும் புகை நெஞ்சை அடைக்கும். இவை அனைத்தையும் அனுபவத்தால் அறிந்திருந்தார். அவர் கேட்டது இரண்டே பொருட்கள்: மணிக்கட்டுக்கு மேலேவரை மறைக்கும் தடித்த ரப்பர் கையுறை, நனையாத பூட்ஸ். எங்கள் சுவரொட்டிகளுக்குச் செலவான பணத்தில் அவற்றை முன்பே வாங்கியிருக்கலாம்.

அவருக்கும், அவருடன் பணியாற்றும் மற்றொருவருக்கும், எங்கள் 11 பேருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணைகள். அவருடைய மூன்றாம் தவணையும் கடைசிப் பரிசோதனையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. எல்லா முடிவுகளும் தொற்று இல்லை என்றே வந்தன. அல்ஹம்துலில்லாஹ். தாளைப் படித்துக் காட்டிய மாணவரின் தலையில் கை வைத்து, "போய்ப் படி தம்பி" என்று மட்டும் அவர் சொன்னார்.

இன்றும் அங்கே செல்கிறோம். மாதம் ஒருமுறை மட்டுமே. குழாய் சொட்டுகிறதா, சோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அவர் சொல்லும் வேலையை மட்டும் செய்துவிட்டுத் திரும்புகிறோம். படம் எடுப்பதில்லை.

எங்கள் பள்ளிவாசலுக்கும் அதே கண்களோடு திரும்பிவந்தோம். ஹவ்ளில் தண்ணீர் இருந்தது. கழிப்பறையில் சோப்பு இல்லை. பலரும் ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தோம். கழிப்பறையைக் கழுவுபவர் வெறுங்கையோடு ஆசிட் பாட்டிலைப் பிடித்திருந்தார். ஜமாஅத் நிர்வாகத்திடம் பேசும் முன், இம்முறை அவரிடம் சென்று கேட்டோம். அவருக்கு வேண்டியதும் கையுறையும் பூட்ஸும்தான். அவற்றோடு கழிப்பறைக்குச் சோப்பும் வந்தது. பொதுத் துண்டு அகற்றப்பட்டது.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ உதவச் செல்ல நாடினால் தாராளமாகச் செல்லுங்கள். அங்கே துடைப்பம் பிடித்திருப்பவரின் பெயரை முதலில் கேளுங்கள். அவரிடம் அனுமதி பெற்ற பிறகு கை வையுங்கள். எங்களுக்குப் பாடம் கற்பித்த அந்த அம்மாவின் பெயர் இப்போது எங்களுக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. நம் நற்செயல்களால் எவர் கையிலும் முள் தைக்காதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.